பத்தரா, கடையா: பழைய நகையைக் கொடுக்கும் முன்

கேள்வி: மகள் கல்யாணத்துக்காக 5 பவுன் பழைய சங்கிலியை மாற்றிப் புது நகை எடுக்க வேண்டும். மூன்று தலைமுறையாக ஒரே பத்தரிடம்தான் செய்கிறோம். “கடைக்காரங்களை நம்பாதே, நம்ம பத்தரிடமே கொடு” என்கிறார் அம்மா. “ஹால்மார்க் இருந்தால் போதும், கடையிலேயே வாங்கலாம்” என்கிறார் கணவர். யாரை நம்புவது?

பதில்: ஆளை எடைபோடுவதை விட, எந்த இடத்தில் உங்களால் சரிபார்க்க முடியாமல் போகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் காலப் நிறுவனம் எந்தத் தொழிலில் நேர்மை அதிகம் என்று ஆண்டுதோறும் மக்களிடம் கேட்கிறது. 1999 முதல் செவிலியர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள். 2001-ல் மட்டும் தீயணைப்பு வீரர்கள் முந்தினார்கள். ஊசி போடும் செவிலியருக்கு அந்த மருந்தை விற்பதில் லாபம் இல்லை. நகைத் தொழிலில் அப்படி இல்லை. உங்கள் தங்கத்தைச் சோதிப்பவரும், விலை சொல்பவரும், வாங்கிக்கொள்பவரும் ஒருவரே. நல்லவராக இருந்தாலும் சந்தேகம் வருவது அதனால்தான்.

ஹால்மார்க், அதாவது தங்கத்தின் தரத்தைச் சோதித்துப் போடும் முத்திரை, இதில் ஒரு பாதியைத் தீர்த்துவிட்டது. 2021 ஜூனில் கட்டாய ஹால்மார்க் படிப்படியாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல், இந்தக் கட்டாயத்துக்கு உட்பட்ட கடைகள் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஹெச்யூஐடி எண் உள்ள நகையைத்தான் விற்கலாம். நகையில் மூன்று குறிகள் இருக்கும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916 என்பது போன்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கடையிலேயே இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அடித்தால் நகையின் வகை, தரம், முத்திரையிட்ட மையம் எல்லாம் வரும். பலர் ‘916’ என்று வந்ததுமே செயலியை மூடிவிடுகிறார்கள். வகையையும் பாருங்கள். கையில் சங்கிலி இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த எண் வேறு நகையிலிருந்து எடுத்துப் போட்டதாக இருக்கலாம்.

முத்திரையில் உள்ள தரத்தை விடக் குறைவாக இருப்பது சோதனையில் தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குச் சேர வேண்டும் என்று 2018-ன் பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. ஆக, புது நகையின் தரத்தைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வது சரி. சேதாரம், கல் எடை, நீங்கள் கொடுக்கும் பழைய தங்கம் ஆகிய மூன்றுக்கும் ஹால்மார்க் பொறுப்பேற்காது. பணம் கைநழுவுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

முதலில் பழைய சங்கிலி. 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 5 பவுன், அதாவது 40 கிராம். உருக்கினால் அழுக்கு போய் 39.2 கிராம் கட்டி கிடைக்கிறது, சோதித்தால் 88.5 டச் (நூற்றில் 88.5 பங்கு சுத்தத் தங்கம்) வருகிறது என்று கொள்ளுங்கள். 22 கேரட் நகையில் 91.6 வர வேண்டாமா என்று பதற வேண்டாம். பழைய சங்கிலியில் ஒவ்வொரு வளையத்தையும் பற்றவைத்த பொடியில் தங்கம் குறைவு. உருகும்போது அது மொத்தத் தரத்தையும் இறக்கிவிடும். வளையங்கள் அதிகமான சங்கிலியில் இந்த இறக்கமும் அதிகம். ‘கேடிஎம்’ என்பதும் கேட்மியம் வைத்துப் பற்றவைத்தது என்றுதான் பொருள், தரச் சான்று இல்லை.

இனி கணக்கு. 39.2 கிராமில் 88.5 சதவீதம் என்றால் சுத்தத் தங்கம் 34.69 கிராம். அதை 0.916-ஆல் வகுத்தால் 37.87 கிராம் 22 கேரட். உங்களுக்குச் சேர வேண்டியது இந்த 37.87 கிராமின் விலை. இதற்குப் பிறகும் ‘கழிவு 2 சதவீதம்’ என்று பழைய 40 கிராமில் 0.8 கிராமைக் கழித்தால், ஒரே குறைக்கு இரண்டு முறை பிடிக்கிறார்கள். 8,000 ரூபாய் போய்விடும். டச் பார்த்தால் கழிவு கிடையாது, கழிவு பிடித்தால் டச் கிடையாது. இரண்டில் ஒன்றுதான் என்பதை உருக்கும் முன்பே பேசி முடியுங்கள். ‘விலை ஒத்துவராவிட்டால் கட்டியைத் திருப்பித் தருவோம்’ என்று எழுதியும் வாங்குங்கள். உருக்கிய பிறகு பேரம் பேசப் பலருக்கும் தைரியம் வருவதில்லை.

உருக்குவது உங்கள் கண்முன் நடக்கட்டும். தராசு பூஜ்யம் காட்டுகிறதா, கண்ணாடி மூடி சாத்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகு சங்கிலியை வையுங்கள். மின்விசிறிக் காற்றிலும் எண் ஆடும். தங்கத்தின் தரத்தைக் காட்டும் கருவியான கேரட் மீட்டர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். அதனால் உருக்காத நகையில் அது காட்டும் எண்ணை நம்பி விலை பேசாதீர்கள், உருக்கிய கட்டியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். அவர்களுக்கு உங்கள் தங்கத்தை வாங்கும் நோக்கம் இல்லை, அதனால் இந்தச் செலவு வீண் போகாது.

புது நகையில், சேதாரம் என்பது உண்மையில் வீணாகும் தங்கம் என்று எண்ண வேண்டாம். ராவிய பொடியில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். வேலைக்கும் லாபத்துக்குமான விலைதான் அந்தச் சதவீதம், அதனால் பேரம் பேசலாம். கல் வைத்த ஆரம் என்றால் எதன்மேல் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். மொத்தம் 40 கிராம், அதில் கல் 6 கிராம், சேதாரம் 15 சதவீதம் என்றால், 34 கிராமுக்கு 5.1 கிராம்தான் வரும். 40-க்குப் போட்டால் 6 கிராம் ஆகிவிடும். அந்த 0.9 கிராம் 9,000 ரூபாய். பில்லில் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அம்மா சொல்லும் பத்தருக்கு வருவோம். ‘தாய்ப் பொன்னிலும் குன்றிமணி எடுப்பான் தட்டான்’ என்ற பழமொழி அந்த உழைப்பாளிகளுக்கு இழைக்கும் அநியாயம். அரத்தில் ஒட்டியது, நெருப்பில் போனது, பொடியில் சேர்ந்தது எதையும் கொடுத்தவர் பார்க்க முடியாததால் வந்த பேச்சு அது. பார்க்க வழி இருக்கிறது. அவரிடம் கொடுப்பதானால் பழைய சங்கிலியை விற்று, 24 கேரட் நாணயமாகக் கொடுங்கள். 10 கிராம் நாணயத்தில் செம்பும் வெள்ளியும் சேர்ந்து 22 கேரட் ஆகும்போது எடை சுமார் 10.9 கிராம் ஆகும். நகை 10.2 கிராம் வந்தால் “கொடுத்ததை விடக் கூடத்தான் இருக்கு” என்று பலர் மகிழ்ந்து போகிறார்கள். அங்கே 700 மில்லி குறைகிறது.

நாணயம், கலந்த உலோகம், முடிந்த நகை, திரும்பி வந்த பொடி ஆகிய நான்கின் எடையையும் ஒரே தராசில் போட்டு ஒரே தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் குறைந்தவர்களுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. உங்கள் பத்தரும் அப்படியானால், பாக்கிக் கூலியைக் கொடுக்கும் முன் முடிந்த நகையை அந்த ஹால்மார்க் மையத்தில் காட்டிவிட்டு வாருங்கள்.