தேர்ப் பணமும் தாவீதின் அப்பமும்

வணக்கம் ஐயா,

ராயபுரத்தில் எங்கள் அன்பியத்துக்கு, அதாவது கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழுவுக்கு, நான்தான் பொருளாளர். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு ஜன்னி கண்டுவிட்டது. அவர் வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர், கையில் காசில்லை. மாதா தேர் அலங்காரத்துக்கு வசூலித்த பணத்திலிருந்து 8,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். கணக்கு நோட்டில் 'பூ முன்பணம்' என்று எழுதிவிட்டேன். குருக்கள் மட்டுமே சாப்பிடக்கூடிய ஆலயத்து அப்பத்தைத் தாவீது பசிக்குச் சாப்பிட்டதை இயேசுவே தப்பென்று சொல்லவில்லையே. நான் செய்தது பாவமா?

பெயர் வேண்டாம், ராயபுரம்

அன்புள்ள சகோதரி,

கொடுத்தது பாவமில்லை. கதவைத் தட்டியவரிடம் 'கமிட்டி கூடட்டும்' என்று சொல்லியிருந்தால்தான் நான் வருந்தியிருப்பேன்.

அமெரிக்க இறையியலாளர் ஜோசப் பிளெட்சர் 1966-ல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். சட்டத்தையே கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம், சட்டமே வேண்டாம் என்று உதறவும் வேண்டாம். விதிகள் வெளிச்சம் காட்டும், அந்தந்தச் சூழ்நிலையில் முடிவெடுக்க வேண்டியது அன்பு. இந்தப் போக்கை வத்திக்கான் 1956-லேயே கண்டித்திருந்தது. எனக்கும் ஒரு பயம் உண்டு. நம் வசதிக்கெல்லாம் அன்பு என்று பெயர் வைத்துவிடுவோம். ஆனால் அதே பிளெட்சர், பங்கிட்ட அன்புதான் நீதி என்றும் சொல்கிறார். உங்கள் விஷயத்தில் நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். அன்று ராத்திரி உங்கள் கண்ணெதிரே நின்றது அந்த அக்கா மட்டும். மீன் கூடையைச் சுமந்து விற்ற காசில் இருநூறும் முந்நூறும் கொடுத்தவர்கள் அங்கே இல்லை. அவர்களுக்கும் அந்த அன்பில் பங்கு உண்டு.

தாவீதை நினைவூட்டினீர்கள். சாமுவேல் முதல் நூலில் 21-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் அடுத்ததையும் படியுங்கள். அப்பம் கேட்கும்போது, அரச காரியமாக வந்திருக்கிறேன் என்று குருவிடம் தாவீது பொய் சொல்கிறார். விவரம் தெரியாமல் உதவிய அந்தக் குருவையும் சேர்த்து 85 குருக்களை, தாவீதைத் துரத்திய அரசன் சவுல் வெட்டிப் போடச் செய்கிறான். தப்பி வந்த அந்தக் குருவின் மகனிடம் தாவீது, உன் குடும்பத்தார் சாவுக்கு நானே காரணம் என்கிறார். இயேசு எடுத்துக்காட்டியது பசியையும் அப்பத்தையும். அந்தப் பொய்யை அவர் எங்கும் நியாயப்படுத்தவில்லை.

உங்கள் பூ முன்பணம் அந்தப் பொய்யின் இடத்தில்தான் இருக்கிறது. நாளைக்குப் பூக்காரர் வந்து நின்றால் முழிக்கப்போவது ஒன்றும் அறியாத உங்கள் தலைவி.

கொருக்குப்பேட்டையில் நாங்கள் இருந்தபோது என் அம்மா கோயிலுக்கென்று பிடி அரிசி சேர்ப்பார். ஒரு மழை வாரத்தில் எதிர்வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்ததும் பானையோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலிப் பானையை அப்படியே கோயிலுக்கு எடுத்துப் போய், பெண்கள் நடுவில் கவிழ்த்துக் காட்டினார். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா அதையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த வரியை ஒரே கோட்டால் அடியுங்கள், எழுத்து மறையக் கூடாது. கீழே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அக்காவிடம் போய், பெயரைச் சொல்லலாமா என்று கேளுங்கள். கூச்சப்பட்டால் 'உறுப்பினர் மருத்துவச் செலவு' என்றே இருக்கட்டும். யார் என்று கூட்டத்தில் துருவினாலும் சொல்லாதீர்கள்.