உராய்ந்தால் கரண்ட் வருமா? இந்த மாதக் கேள்விகள்

டெஃப்லோன் தாளையும் நைலோன் துணியையும் தட்டினால் 300 வோல்ற்று வருகிறது. போன் சார்ஜ் பண்ணலாமா? (வெள்ளவத்தை)

வோல்ற்றைப் பார்த்து மயங்காதீர்கள், வாற்றைக் கேளுங்கள். ஓட்டம் மைக்ரோ அம்பியரில்தான் வரும். உள்ளங்கை அளவுத் தகடு சராசரியாக ஒரு மில்லிவாற்று தந்தாலே கெட்டித்தனம். போன் பற்றரிக்கு 15 வாற்று-மணி வேண்டும், இரவு பகலாகத் தட்டினாலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும்.

பள்ளியில் வேலை செய்த உராய்வு மின்கருவி வீட்டில் செய்யவில்லை. (கொட்டாஞ்சேனை, ஏ.எல். மாணவி)

பள்ளி அறையில் ஏசி இருந்ததா? அதை எழுதவில்லையே. கொழும்புக் காற்றின் ஈரம் தகட்டில் படிந்தால் ஏற்றம் (சார்ஜ்) கசிந்துவிடும், துடைத்து உலர்த்திப் பாருங்கள். பல்மானியை (மல்டிமீற்றர்) நேரே வைக்கவும் வேண்டாம், அதுவே ஏற்றத்தை இழுத்துவிடும். நான்கு இருவாயிகளால் (டயோட்) ஒரே திசை ஓட்டமாகச் சீராக்கி, சிறிய கொள்ளளவியில் (கப்பாசிற்றர்) சேர்த்து அளந்து பாருங்கள். தொடுமுன் அதிலுள்ள ஏற்றத்தை இறக்கிவிடுங்கள்.

மின்சார த்ரீவீலின் பின்சில்லில் டைனமோ உராயும்படி பூட்டினால், ஓடும்போதே பற்றரி சார்ஜ் ஆகாதா? (தெஹிவளை)

ஆகாது. ஆகாது என்று எத்தனை தடவை எழுதுவது! டைனமோ 1000 வாற்று தர வேண்டுமென்றால் சில்லு அதைவிடக் கூடவே கொடுக்க வேண்டும், சில்லுக்கு அது மோட்டாரிலிருந்து, மோட்டாருக்கு உங்கள் பற்றரியிலிருந்துதான் வருகிறது, போகிற வழியில் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும், ஆக பூட்டாமல் போவதைவிடக் குறைந்த தூரம்தான் போவீர்கள். வீடியோவில் பார்த்தேன் என்கிறீர்கள். அந்த வீடியோவில் பற்றரியைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டினார்களா? பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே டைனமோவாக்கி மீட்பது வேறு விஷயம், அது உண்மை. காலி வீதி நெரிசலில் பிரேக் கட்டையில் சூடாக வீணாகும் சக்தியில் ஒரு பங்கு அப்படித் திரும்பும். ஆனால் அங்கே உராய்வு இல்லை, காந்தமும் சுருளும்தான். இதற்கென்று காசு கேட்டு யாராவது வந்தால், வாற்றைக் கேளுங்கள்.

அப்படியானால் சைக்கிள் டைனமோ? (மட்டக்குளி)

அதுவும் காந்தம்தான். டயரின் உராய்வு உருளையைச் சுற்றுகிறது, அவ்வளவே. 6 வோல்ற்று, 3 வாற்று. மழையில் வழுக்கும்.

உராய்வு நானோஜெனரேட்டர் யாருடையது, எதற்கு உதவும்? (பம்பலப்பிட்டி)

முதல் கேள்வியில் வந்த டெஃப்லோன், நைலோன் போல இரண்டு பொருட்களைத் தட்டி மின் எடுக்கும் கருவிதான் அது. 2012இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஷோங் லின் வாங் குழு அறிமுகப்படுத்தியது. சின்ன உணர்கருவிகளுக்குச் சரி. வீட்டு விளக்குக்கு இல்லை.

நான் செய்தது வேலை செய்யவில்லை. காரணம் என்ன? (புறக்கோட்டை)

என்ன செய்தீர்கள்?