ஆரி வேலை கற்றுத்தர, ஆன்லைனில் கோர்ஸ் விற்கும் யூடெமி மாதிரி தளத்தில் போடலாமா, சொந்தமாக ஆரம்பிக்கலாமா?

ஆரி வேலை என்று கேட்டதால்தான் பதில் எழுதுகிறேன். கோடிங், எக்ஸெல் என்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் காரைக்குடி பக்கம் கோட்டையூரில் இருந்து கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடையக் கற்றுக்கொடுக்கிறேன், காசு வாங்கிக்கொண்டுதான். "என்ன ஆச்சி, ஓலை முடையச் சொல்லிக்குடுக்கக் காசா?" என்று கேட்கிறவர்கள் தையல் கிளாஸுக்கும் டியூஷனுக்கும் வாயைத் திறக்காமல் கட்டுகிறார்கள். அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்கள் நிலைமையை ஊகிக்கிறேன். வீட்டுக்கே நாலு பேர் வந்து கற்றுக்கொண்டு போயிருப்பார்கள், போனில் கொஞ்சம் வீடியோ எடுத்து வைத்திருப்பீர்கள், ஆன்லைனில் போடேன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சரி. எந்தத் தளம் என்று பார்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: பணம் கட்டுகிற மாணவியின் போன் நம்பரும் மெயிலும் யார் கையில் இருக்கும்?

யூடெமியில் அது உங்கள் கைக்கு வராது. தளமே தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஆளுக்கு விற்றால் நமக்கு 37 சதவீதம், நம் கூப்பன் லிங்க் வழியாக வந்தால் 97 சதவீதம். தள்ளுபடி நாளில் 499 ரூபாய்க்குப் போகிற கோர்ஸுக்கு மற்ற கழிவுகளைப் பார்க்காமலே 185 ரூபாய்க்குள்தான் வரும். சந்தா கட்டிப் பார்ப்பவர்களின் பணத்தில் ஆசிரியர்களுக்கு ஒதுக்கும் பங்கு 2023-ல் 25 சதவீதம், 2024-ல் 20, 2025-ல் 17.5 என்று இறங்கியிருக்கிறது. ஸ்கில்ஷேர் என்கிற இன்னொரு தளம் என்றால் மாணவர்கள் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று பார்த்துப் பணம் தருவார்கள். யூடெமியைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உலகம் முழுக்க ஆள் தேடுகிற பாடத்துக்கு அது நல்ல சந்தை, ஆளைப் பிடித்துத் தரும் வேலையை அவர்கள் செய்கிறார்கள், அதற்குக் கூலி எடுக்கிறார்கள். கைவேலைக்கு அது போதாது என்பதுதான் என் கட்சி.

ஏன் என்றால், நான் ஒரு சந்தைத் தளத்தில் (பெயர் வேண்டாம்) வீடியோ போட்டு வைத்திருந்தேன், விற்கவும் செய்தது. வெளிநாட்டில் இருந்து வாங்கிய ஒருவர், கொட்டானின் விளிம்பை மடிக்கும்போது ஓலை உடைந்துபோகிறது, இது ஏமாற்று வேலை என்று எழுதி ஒரு ஸ்டார் போட்டுவிட்டார். ஓலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்காமல் காய்ந்தபடியே மடித்திருக்கிறார். வீடியோவில் சொல்லித்தான் இருக்கிறேன், ஆனால் கைவேலையில் சொன்னது பாதிதான் போய்ச் சேரும், மீதியைக் கையைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஒரு நிமிடம் போனில் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். அவர் நம்பர் என்னிடம் இல்லை. தளத்தின் மெசேஜில் விளக்கமாக எழுதினேன், அவர் திறந்தே பார்க்கவில்லை. அந்த ஒரு ஸ்டார் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. என் அப்பத்தாவிடம் படித்த வேலை அது, அதை ஏமாற்று என்று ஒருத்தர் எழுதியதும் நான் வாயைத் திறக்க முடியாமல் இருந்ததும் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் ஜூமில் நேரடி வகுப்பு, வாட்ஸ்அப் குரூப், யூபிஐயில் கட்டணம் என்று மாற்றினேன். இங்கே சாயங்காலம் ஐந்து மணி என்றால் சிங்கப்பூரில் ஏழரை, அங்கே இருக்கும் ஆச்சிகளுக்கு வேலை முடிந்து உட்காரத் தோதான நேரம். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், காசு கட்டித்தான் ஆக வேண்டும். கேமராவை மேலே இருந்து கையைப் பார்த்து மாட்டுங்கள், முகம் தெரிய வேண்டியதில்லை. சத்தத்தையும் பாருங்கள். எங்கள் வீட்டு வளவில் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும் மேலே உயரக் கூரையும், பேசினால் எதிரொலிக்கும். மெத்தை தலையணை அடுக்கியிருக்கும் உள் அறைதான் ரெக்கார்டிங்குக்கு ஒத்துவந்தது.

உள்நாட்டு மாணவிகளுக்கு ஓலை, சாயம் எல்லாம் கூரியரில் அனுப்புகிறேன். ஓலை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பனை நம் மாநில மரம், வெட்டுவதானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆனால் செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டுதான் இருக்கிறது, மிஞ்சி நிற்கும் மரத்தில் ஏறிக் குருத்து வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் கொட்டானுக்கு வந்து பத்து ரூபாய் குறை என்கிறார்கள். இந்த லட்சணத்தில் வேலை கற்றவர்கள் எப்படித் தொடருவார்கள்? உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எனக்கு எரிகிறது.

மாணவிகள் கூடிய பிறகு, நம் பெயரிலேயே பக்கம் திறந்து தரும் வருடச் சந்தாத் தளம் ஒன்றுக்கு மாறினேன். டீச்சபிள், திங்கிஃபிக் எல்லாம் இந்த ரகம்தான், ஆனால் டாலரில் கட்ட வேண்டும். கிராஃபி நம் நாட்டுக் கம்பெனி. இவை ஆள் பிடித்துத் தரா, அந்தப் பாடு உங்களுடையது. அதனால் முதல் பத்துப் பேர் வாட்ஸ்அப்பில் பணம் கட்டிச் சேரும் வரை எந்தச் சந்தாவும் எடுக்காதீர்கள். எடுக்கும்போது, மாணவர் பட்டியலை எக்ஸெல்லில் இறக்கிக்கொள்ளலாமா, சந்தாவை நிறுத்தினால் என் வீடியோக்கள் என்ன ஆகும், பணம் எத்தனை நாளில் என் வங்கிக்கு வரும், இந்த மூன்றையும் மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் பேசிய விற்பனைப் பையன் அடுத்த மாதம் அந்தக் கம்பெனியில் இருக்க மாட்டான்.