பெம்பர்ட்டன் பக்கம் ஆடினால் விக்ஸ்பர்க்கைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வரைபடம் விரித்துப் போர் விளையாட்டு ஆடுகிறோம். இந்த முறை எடுத்திருப்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-ல் நடந்த விக்ஸ்பர்க் படையெடுப்பு. எனக்கு வாய்த்தது தெற்குத் தளபதி பெம்பர்ட்டன். எப்படி ஆடினாலும் மே மாத நடுவில் வடக்குத் தளபதி கிராண்டிடம் மாட்டிக்கொள்கிறேன். ஊருக்குள் போனால் முற்றுகை, வெளியே வந்தால் அடி. எந்த இடத்தில் வேறு முடிவு எடுக்க வேண்டும்?

பதில்: மே நடுவில் தேடாதீர்கள், அங்கே ஒன்றும் கிடைக்காது. நீங்கள் தோற்பது அதற்கு இரண்டு வாரம் முன்னால், மே முதல் வாரத்தில். அப்போது வரைபடத்தில் பெரிதாக எதுவும் நடக்காத மாதிரி இருப்பதால் ஆடுபவர்கள் அந்தச் சுற்றுகளை வேகமாகத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நிலைமையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். விக்ஸ்பர்க் மிசிசிப்பி ஆறு கொண்டை ஊசி போல வளையும் இடத்தில், மேட்டின் மேல் பீரங்கிகளோடு உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே மாநிலத் தலைநகர் ஜாக்சனுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ரயில் பாதை. நடுவில் பிக் பிளாக் ஆறு. குளிர்காலம் முழுக்க கிராண்ட் கால்வாய் வெட்டிப் பார்த்தார், சதுப்பு ஓடைகளுக்குள் கப்பலை நுழைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஏப்ரல் 16 இரவு வடக்குக் கடற்படைத் தளபதி போர்ட்டரின் துப்பாக்கிப் படகுகள் ஊரின் பீரங்கிகளைத் தாண்டித் தெற்கே ஓடிவிட்டன. படையோ மேற்குக் கரை வழியாக நடந்து கீழே வந்தது. ஏப்ரல் 30 அன்று புரூயின்ஸ்பர்க் என்ற இடத்தில் கிழக்குக் கரை இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நிமிடம் வரை ஆறு உங்களுக்குச் சுவர். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது ஊரைச் சுற்றிய அரணும் ஒரு படையும்தான், இரண்டில் எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

பெம்பர்ட்டன் அதை முடிவு செய்யவே இல்லை. என்னைக் கேட்டால் அந்த மனிதரின் மொத்தத் தோல்வியும் இதற்குள் அடங்கிவிடும். அவர் முட்டாள் என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு மேலே இரண்டு பேர். மேற்குப் பகுதிக்குப் பொறுப்பான ஜோசப் ஜான்ஸ்டன் மே தொடக்கத்திலேயே தந்தி அடித்துவிட்டார்: கிராண்ட் கரை இறங்கினால் இருக்கிற படை முழுவதையும் ஒன்று சேர்த்து அடி, அதற்காக எதைக் கைவிட்டாலும் ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும் என்று. தெற்கின் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் மே 7-ல் அடித்த தந்தி இதற்கு நேர்மாறு: விக்ஸ்பர்க், ஆற்றில் அதற்குத் தெற்கே இருக்கும் இன்னொரு அரணான போர்ட் ஹட்சன் இரண்டையும் பிடித்து வைத்திருக்க வேண்டும், மேற்கு மாநிலங்களோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது. ஒருவர் படையைக் காப்பாற்று என்கிறார், இன்னொருவர் ஊரைக் காப்பாற்று என்கிறார். பெம்பர்ட்டன் பிலடெல்ஃபியாவில் பிறந்த வடக்கத்திக்காரர், மனைவி வர்ஜீனியா என்பதால் தெற்கோடு சேர்ந்தவர். ஏற்கனவே சந்தேகப் பார்வை உண்டு. முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டன் பகுதியில் தளபதியாக இருந்தபோது, அவசியமானால் ஊரை விட்டுக்கொடுக்கலாம் என்ற மாதிரிப் பேசி கெட்ட பெயர் வாங்கி, கடைசியில் அங்கிருந்து மாற்றப்பட்டார். அப்படிச் சூடு பட்டவர் இன்னொரு ஊரைக் கைவிட லேசில் துணிவாரா? அதனால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தார். மூன்று டிவிஷன்களோடு வெளியே வந்தார், ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட இரண்டு டிவிஷன்களை ஊருக்குள் விட்டுவிட்டு.

உங்களுக்கு இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது, டேவிஸ் உங்களை வேலையை விட்டுத் தூக்கப்போவதில்லை. எனவே மே 1-ம் தேதி சுற்றிலேயே ஜான்ஸ்டனின் தந்தியை எடுத்துக்கொண்டு ஆடுங்கள். அன்று போர்ட் கிப்சனில் உங்கள் டிவிஷன் தளபதி பவன் ஏறத்தாழ 8,000 பேரை வைத்துக்கொண்டு மூன்று மடங்கு பெரிய படையை ஒரு பகல் முழுக்கத் தடுத்து நிறுத்தினார். அவருக்கு உதவி போக வேண்டிய நேரத்தில் விக்ஸ்பர்க்கில் எல்லார் கண்ணும் வடக்கே கிராண்டின் தளபதிகளில் ஒருவரான ஷெர்மன் காட்டிய பாசாங்குத் தாக்குதல் மேல் இருந்தது. முக்கியமான விஷயம், அந்த ஷெர்மனின் படைப்பிரிவு மே 6-8 வாக்கில்தான் ஆற்றைக் கடந்து கிராண்டோடு சேர்கிறது. அதுவரை கிராண்டிடம் கையில் இருப்பது மெக்ளர்னண்ட், மெக்ஃபெர்சன் இருவரின் பிரிவுகள் மட்டும். விக்ஸ்பர்க் காவல் படை, ஆற்றங்கரை ஊரான கிராண்ட் கல்ஃபிலிருந்து பின்வாங்கும் பவன், போர்ட் ஹட்சனிலிருந்து இழுக்கக்கூடியதெல்லாம் என்று சேர்த்தால் அந்த ஒரு வாரத்தில் மட்டும் நீங்கள் அவருக்குச் சமமாக நிற்கலாம். ஜெயிப்பீர்கள் என்று உத்தரவாதம் தரமாட்டேன், எதிரே இருப்பது கிராண்ட். ஆனால் இந்த ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த வாய்ப்பு அதுதான், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் ஏறும்.

அதைச் செய்ய எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டுமே, அங்கே குதிரைப்படை வருகிறது. தெற்குத் தளபதி வான் டோர்னின் குதிரைப்படையை 1863 தொடக்கத்திலேயே ஜான்ஸ்டன் டென்னஸிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார் (இதில் ஜான்ஸ்டன் மேல் எனக்குக் கோபம் உண்டு). மிச்சம் இருந்ததை வடக்குக் குதிரைப்படைத் தளபதி கிரியர்சன் காலி செய்தார்: ஏப்ரல் 17-ல் டென்னஸியின் லா கிரேஞ்சிலிருந்து சுமார் 1,700 குதிரை வீரர்களோடு கிளம்பி, மாநிலத்தின் குறுக்கே தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டே போய், மே 2-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் நின்றார். பெம்பர்ட்டன் இருந்த கொஞ்ச நஞ்சக் குதிரைப்படையை அவர் பின்னால் துரத்தவிட்டார், காலாட்படையையும் ரயில் பாதைக் காவலுக்குச் சிதறடித்தார். நீங்கள் கிரியர்சனைத் துரத்தாதீர்கள். போகட்டும், தண்டவாளத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு குதிரையும் ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இப்போது நீங்கள் மாட்டிக்கொள்ளும் மே நடுப்பகுதிக்கு வருவோம், ஏன் அங்கே வழி இல்லை என்று புரிந்தால்தான் முன்னாலேயே ஆட மனம் வரும். கிராண்ட் நேராக வடக்கே விக்ஸ்பர்க்குக்கு வரவில்லை, வடகிழக்கே ரயில் பாதையை நோக்கிப் போனார். மே 12-ல் ரேமண்டில் ஒரு சண்டை, மே 14-ல் ஜாக்சன் விழுந்தது. முந்தின நாள்தான் அங்கே வந்து இறங்கிய ஜான்ஸ்டன், தாமதமாகிவிட்டது என்று தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்குத் தந்தி அடித்துவிட்டு, கிளின்டனில் இருக்கும் எதிரியின் பின்புறத்தை அடி என்று பெம்பர்ட்டனுக்கு உத்தரவு எழுதி, மூன்று பிரதிகளை மூன்று ஆட்களிடம் கொடுத்து அனுப்பினார். அந்த மூவரில் ஒருவர் வடக்கின் ஆள். மெம்ஃபிஸிலிருந்து துரோகி என்று விரட்டப்பட்டதாக நாடகமாடித் தெற்கு முகாமுக்குள் நுழைந்தவர். ஆக உத்தரவு கிராண்டின் கைக்கும் போய்விட்டது, அவர் உடனே படைகளை மேற்கே போல்டன் பக்கம் திருப்பினார். உத்தரவு போட்ட ஜான்ஸ்டனோ வடக்கே கேன்டன் சாலையில் பின்வாங்கிக்கொண்டிருந்தார், அதாவது தன்னிடம் வரச் சொன்ன ஆளை விட்டு விலகி. பெம்பர்ட்டன் சொன்னபடி கேட்டிருந்தாலும் மாட்டியிருப்பார்.

ஆனால் அவர் செய்தது அதைவிட மோசம். மே 14-ல் எட்வர்ட்ஸ் ரயில் நிலையத்தில் போர் ஆலோசனைக் கூட்டம் போட்டார். பெரும்பாலான தளபதிகள் ஜான்ஸ்டன் சொன்னதைச் செய்வோம் என்றார்கள். டிவிஷன் தளபதிகள் லோரிங், ஸ்டீவன்சன் உள்ளிட்ட சிலர் தென்கிழக்கே போய் கிராண்டின் சரக்குப் பாதையை வெட்டுவோம் என்றார்கள். பெம்பர்ட்டனின் சொந்த விருப்பமோ பிக் பிளாக் ஆற்றுக்குப் பின்னாலேயே நிற்பது. கடைசியில் சிறுபான்மை யோசனையை எடுத்துக்கொண்டார். ஏன் என்று யோசித்தால் பாவமாகத்தான் இருக்கிறது: 1862 டிசம்பரில் வான் டோர்ன் ஹாலி ஸ்பிரிங்ஸ் கிடங்கை எரித்ததும் கிராண்ட் திரும்பிப் போனார், அந்த வித்தை ஒருமுறை பலித்தது. கிராண்ட் அந்த அடியிலிருந்தே வேறு பாடம் கற்றிருந்தார்: கிடங்கு போனபின் சுற்று வட்டார வயல்களே தன் படைக்குச் சோறு போட்டதைப் பார்த்திருந்தார். 1863 மே மாதத்தில் கிராண்ட் கல்ஃபிலிருந்து ரொட்டி, காப்பி, உப்பு, தோட்டாவோடு வண்டிகள் வந்தன, இறைச்சியும் சோளமும் வழியிலேயே கிடைத்தன. வெட்டினால் படை நின்றுவிடும் என்று சொல்லும்படியான ஒரு பாதை அங்கே இல்லை.

மே 15 மத்தியானம்தான் கிளம்பினார்கள், ரொட்டியும் தோட்டாவும் விக்ஸ்பர்க்கிலிருந்து வரக் காத்திருந்ததால். மழையில் பேக்கர்ஸ் ஓடை பெருகி, போக வேண்டிய சாலையில் பாலம் இல்லை. மேலே இருந்த இன்னொரு பாலம் வழியாகச் சுற்றி, இரவு வெகுநேரம் வரை நடை. மறுநாள் காலையில் ஜான்ஸ்டனின் புது உத்தரவு: வடக்கே வந்து என்னோடு சேர். சரி என்று நீண்ட சரக்கு வண்டி வரிசையைத் திருப்ப ஆரம்பித்த நேரத்தில் முன்னணியில் துப்பாக்கிச் சத்தம். அதுதான் சாம்பியன் ஹில். கிராண்டிடம் 32,000 பேர், இவரிடம் ஏறத்தாழ 22,000 பேர். பவனின் எதிர்த்தாக்குதல் பிற்பகலில் வடக்குப் படையைக் கிட்டத்தட்ட உடைத்தேவிட்டது. ஊருக்குள் சும்மா இருந்த அந்த 10,000 பேரில் பாதி இருந்திருந்தால் கதை வேறு. மறுநாள் பிக் பிளாக் பாலத்தில் 1,700 பேர் கைதி, 18 பீரங்கி போனது.

மே 17-18 சுற்றில், ஊரை விட்டு வடகிழக்கே வெளியேறு என்ற ஜான்ஸ்டனின் கடைசி உத்தரவு வரும். இங்கே தாமதிக்காமல் வெளியேறிவிடுங்கள். பெம்பர்ட்டன் மறுத்தார், மே 19, 22 நேரடித் தாக்குதல்களை நன்றாகவே முறியடித்தார், 47 நாள் தாங்கினார், ஜூலை 4-ல் 29,000-க்கு மேற்பட்ட ஆட்களோடு சரணடைந்தார். போர்ட் ஹட்சனும் ஐந்து நாளில் விழுந்தது. ஊர் எப்படியும் போகும். உங்கள் விதிப்புத்தகம் தப்பிய படைக்குப் புள்ளி தந்தால் நீங்கள் ஆட்டத்தில் இருப்பீர்கள்.

நடுவராக இருப்பவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: ஜான்ஸ்டன் செய்திகள் ஒரு சுற்று தாமதமாகத்தான் உங்கள் கைக்கு வர வேண்டும், கிராண்டின் காய்கள் உங்கள் குதிரைப்படைக்கு எட்டும் தூரத்தில் மட்டுமே தெரிய வேண்டும். எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டு ஆடினால் பெம்பர்ட்டன் ஏன் தடுமாறினார் என்பது யாருக்கும் புரியாது. அப்புறம் லோரிங்கை வலது ஓரத்தில், தெற்குச் சாலையில் தனியாக நிறுத்தாதீர்கள். சாம்பியன் ஹில்லில் வா, வா என்று கூப்பிட்டும் நேரத்துக்கு வராத டிவிஷன் அது, படை பின்வாங்கியபோதும் கூடச் சேராமல் தெற்கே சுற்றிக்கொண்டு ஜாக்சன் பக்கம் ஜான்ஸ்டனிடம் போய்விட்டது. பவனுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.