மொபைலுக்குத் தனி வெப்சைட், தனிக் கட்டணமா?

கேள்வி: எங்கள் பழுதுபார்ப்புக் கடைக்கு வெப்சைட் செய்து வாங்கினோம். கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது. போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது. செய்து தந்தவர், மொபைலுக்குத் தனி சைட் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்ப தன்னை அடுக்கிக்கொள்ளும் 'ரெஸ்பான்சிவ்' முறை 2010 முதலே புழக்கத்தில் இருக்கிறது. தனி சைட் வைத்தால் வேலை நேரத்தை ஒன்றில் மாற்றிவிட்டு மற்றொன்றில் மறந்துவிடுவீர்கள்.

உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் 'வியூபோர்ட்' என்ற ஒரு கோடிங் வரி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர், இது கம்ப்யூட்டருக்கான பக்கம் என்று எடுத்துக்கொண்டு, சுமார் 980 பிக்சல் (திரைப் புள்ளி) அகலத்தில் வரைந்து 390 பிக்சல் திரைக்குள் அடைக்கும். 16 பிக்சல் எழுத்து 6 பிக்சல் ஆகிவிடும். வரியைச் சேர்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

சேர்த்த பிறகு பக்கம் வலப்புறம் வழிந்து, பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தால், எங்கோ ஒரு பெட்டிக்கு நிலையான அகலம் கொடுத்திருக்கிறார்கள். மேப், வீடியோ, பல நெடுவரிசை உள்ள விலைப்பட்டியல் ஆகிய மூன்றில்தான் முதலில் தேட வேண்டும். மேப்புக்கும் வீடியோவுக்கும் அகலத்தை 100 சதவீதமாக மாற்றலாம். பட்டியலை அதன் பெட்டிக்குள்ளேயே நகரும்படி செய்யலாம். சிலர் வழிவதை மறைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்பார்கள். அப்போது வலப்பக்க ஓரத்தில் உள்ள விலை வெட்டுப்பட்டுப் போகும். விரலால் பெரிதாக்கும் வசதியை முடக்கினாலும் ஏற்காதீர்கள். பார்வை குறைந்தவர்களுக்கு அதுதான் வழி.

கேள்வி: பாக்கிப் பணத்தைத் தருவதற்கு முன் நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். கம்ப்யூட்டர் ஜன்னலைக் குறுக்கிக் காட்டினால் போதாது. பழைய, சாதாரண போன் ஒன்றை எடுத்து, வைஃபையை அணைத்து, பிரவுசரின் மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலில் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பார்த்த பக்கம் என்றால் படங்கள் போனிலேயே சேமிப்பில் இருக்கும். வேகமாகத் திறப்பது போல ஏமாற்றும்.

போன் எண்ணைத் தொடுங்கள். டயல் திரை வர வேண்டும். எண் படத்துக்குள் இருந்தால் வராது. மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனு போனில் தகராறு செய்யும். தொட்டால் விரிய வேண்டும். பட்டன்கள் 44 முதல் 48 பிக்சல் உயரம் இருந்தால் கட்டைவிரலுக்குப் போதும். நடுவில் 8 பிக்சல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

படிவத்தில்தான் வாடிக்கையாளர் நழுவுவார். ஐபோனில் பெயர்க் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் பெரிதாகித் துள்ளினால், கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவு. போன் எண் கட்டத்தில் முழு எழுத்துப் பலகை வந்தால், கட்டத்தின் வகை 'டெக்ஸ்ட்' என்று இருக்கிறது. 'டெல்' என்று மாற்றினால் எண்பலகை வரும். விசைப்பலகை விரிந்திருக்கும்போது அனுப்பும் பட்டனை எட்ட முடிகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: முதல் பக்கம் திறக்கவே வெகுநேரம் ஆகிறது. ஹோஸ்டிங்கை, அதாவது சைட்டை வைத்திருக்கும் சர்வர் சேவையை, மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் படங்களைப் பாருங்கள். போனில் எடுத்த 4000 × 3000 பிக்சல் படம் 3 முதல் 5 எம்பி வரை வரும். பக்கத்தில் சிறிதாகக் காட்டினாலும் முழுப் படமும் இறங்கித்தான் ஆக வேண்டும். 390 பிக்சல் அகலத் திரையில் புள்ளிகள் மும்மடங்கு நெருக்கமாக இருந்தாலும் 1170 பிக்சல்தான். அதனால் 1200 அகலத்துக்குக் குறுக்கி வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமியுங்கள். பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். படத்தின் அகலம், உயரம் இரண்டையும் குறித்துவிட்டால் பக்கம் திறக்கும்போது எழுத்து கீழே குதிக்காது. கீழே உள்ள படங்களைத் தாமதமாக, அந்த இடத்துக்கு நகர்த்தும்போது மட்டும், ஏற்றலாம். மேலே முதலில் தெரியும் படத்துக்கும் அதையே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் முகவரியை இட்டு 'மொபைல்' பகுதியைப் பாருங்கள். பெரிய படமோ எழுத்தோ தெரிய 2.5 விநாடி, திறக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு (CLS) 0.1, இவற்றுக்குள் இருந்தால் நல்லது. 100 மதிப்பெண்ணுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். கூகுளின் பழைய மொபைல் சோதனைக் கருவியில் தேறியது என்று யாராவது படம் காட்டினால் நம்ப வேண்டாம். அந்தக் கருவி 2023 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. இதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால் ஹோஸ்டிங்கைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: ஆப் செய்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதே?

பதில்: வருடத்துக்கு ஓரிரு முறை வருகிறவர் உங்கள் கடைக்காக ஒரு ஆப்பை இறக்கிவைக்க மாட்டார். தேடி, எண்ணைப் பார்த்து, அழைப்பார். அந்த எண்ணைப் பக்கத்தின் உச்சியில் வையுங்கள்.