மாயா ஊர்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

குவாத்தமாலா மலைநாடு, மெக்சிகோவின் சியாப்பாஸ், யூகத்தான் பக்கத்து மாயா ஊர்கள் பற்றிக் கேளுங்கள். நெசவு, சாப்பாடு, சடங்கு, நாள்காட்டி எதுவானாலும் சரி. டிக்கெட், ஹோட்டல், காப்பீடு பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் அம்மா, கோவை): அக்கா, பிள்ளைகளுக்கு 8 வயசு, 12 வயசு. குவாத்தமாலாவில் பத்து நாள் இருப்போம். எங்கே தங்கலாம்?

பதில்: அதித்லான் ஏரிக்கரையிலேயே ஒரு வாரம் தங்குங்கள். தினம் ஒரு ஊருக்குப் பெட்டி தூக்கினால் பிள்ளைகள் மூன்றாம் நாளே சோர்ந்துவிடும். ஏரி 1,560 மீட்டர் உயரத்தில், எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் இருக்கிறது. கரையைச் சுற்றி ஊர்கள். சாந்தியாகோ, சான் பெத்ரோ, சான் ஹுவான் ஊர்களில் சுத்துஹில் மொழி. பானஹாச்செல் பக்கம் கக்சிகெல். இரண்டும் மாயா மொழிகள்தான், ஆனாலும் வேறு வேறு. பெண்கள் போடும் 'உயிப்பில்' என்ற மேல்சட்டையும் ஊருக்கு ஊர் மாறும்.

தலைநகரிலிருந்து பானஹாச்செல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மலைப்பாதை வளைவுகளால் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வாந்தி மாத்திரையைக் கிளம்ப அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள், வளைவு வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

ஊருக்கு ஊர் போக லாஞ்சா என்கிற மோட்டார் படகு. காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். பிற்பகலில் ஷோகோமில் என்று ஒரு காற்று கிளம்பும். தெற்கே கடலோரச் சமவெளியின் சூடான காற்று மலையேறி வந்து ஏரிமேல் இருக்கும் குளிர்ந்த காற்றோடு மோதுவதால் வருவது. கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் அலையடிக்கும். படகின் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், முதுகு வாங்கிவிடும். பிள்ளைகளைப் பின்பக்கம் உட்கார வைத்து, லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழன், ஞாயிறு மட்டும். மற்ற நாளில் போனால் சந்தை இருக்காது.

கேள்வி (சென்னிமலைக்காரர்): நாங்கள் நெசவுக் குடும்பம். அங்கே வாங்கும் துணி கையால் நெய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்களுக்குச் சொல்வது எளிது. அது குழித்தறி இல்லை, இடுப்புத்தறி. பாவின் (நீளவாட்டு நூலின்) ஒரு முனை மரத்திலோ தூணிலோ கட்டியிருக்கும், மறுமுனை நெய்பவரின் இடுப்புப் பட்டையில். இழுவை முழுவதும் அவர் உடம்பில்தான். பாவு நூலைப் பிரிக்கும் விழுதுக் கோலைத் தூக்கும்போது கொஞ்சம் முன்னால் சாய்வார், பாவு தளர்ந்து ஊடை (குறுக்கு நூல்) நுழைய வாய் திறக்கும். ஊடையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்து இறுக்கி, வாள் மாதிரி வழவழப்பான மரப்பலகையால் அடிப்பார்.

பாவு இரண்டு முனைக் கோலிலும் வளைந்து திரும்புகிறது. அதனால் துணியை வெட்டியே எடுக்க வேண்டியதில்லை, நான்கு பக்கமும் கரை இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, நெசவு முடிகிற பக்கம். கடைசி விரலளவு இடத்தில் பலகைக்கும் விழுதுக்கும் இடம் இருக்காது, ஊசியால்தான் ஊடையைக் கோக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் நெசவு கொஞ்சம் மாறித் தெரியும். அது குறை இல்லை, இடுப்புத்தறியின் முத்திரை. அகலம் நெய்பவரின் கை எட்டும் அளவுதான், அதனால் உயிப்பில் என்றால் இரண்டு மூன்று பட்டிகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அச்சுத் துணி என்றால் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறியிருக்கும்.

பாவாடையாகச் சுற்றும் அகலத் துணி, ஸ்பானியர் கொண்டுவந்த மிதிதறியில் நெய்வது. அதுவும் கைநெசவுதான், போலி என்று ஒதுக்காதீர்கள். சாய விஷயமும் அப்படியே. சான் ஹுவானில் செடிச் சாயம், 'கொச்சினில்' என்ற பூச்சியின் சிவப்பு, அவுரி நீலம் கிடைக்கும். ஆனால் அங்குள்ள பெண்கள் தாங்கள் உடுத்த விரும்புவது பெரும்பாலும் பளிச்சென்ற ஆலை நூலைத்தான். மங்கல் நிறம்தான் அசல் என்பது வாங்க வருகிறவர்களின் நினைப்பு.

பூவேலை நிறைந்த ஒரு உயிப்பிலுக்கு மாதக்கணக்கில் ஆகும். கூட்டுறவுக் கடையில் பேரம் பேசாதீர்கள். சந்தையில் கொஞ்சம் பேசலாம்.

கேள்வி (சைவம், திருநெல்வேலி): நாங்கள் சுத்த சைவம். பட்டினியா?

பதில்: பட்டினி இல்லை. ஆனால் 'சின் கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழி வரும், அங்கே பலருக்குக் கோழி அந்தக் கணக்கில் சேராது. 'சின் போயோ' (கோழி வேண்டாம்), 'சின் மந்தேகா' (பன்றிக்கொழுப்பு வேண்டாம்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கறுப்பு பீன்ஸில் கொழுப்பும் சோற்றில் கோழிச்சாறும் கலந்திருக்கும். இலையில் பொதிந்து வேகவைக்கும் மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டையான தமாலிலும் கொழுப்பு உண்டு. மக்காச்சோள ரொட்டி, அவகாடோ, வேகவைத்த சோளக்கதிர், வாழைப்பழ வறுவல் பயமில்லை. குயிஸ்கில் என்று ஒரு காய் தருவார்கள். நம் சௌசௌதான், அதன் பிறப்பிடமே அந்தப் பக்கம்.

அந்த மக்காச்சோள ரொட்டி வெறும் மாவு ரொட்டி இல்லை. 1 கிலோ காய்ந்த மக்காச்சோளம், 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. கொதி வந்ததும் தணலைக் குறைத்து 40 நிமிடம் வைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் ஒரு மணியை விரலிடுக்கில் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்றுவர வேண்டும். கழுவியது போதாவிட்டால் கசக்கும். தோலை ஒன்றுவிடாமல் கழுவிவிட்டால் மாவு பிடிப்பில்லாமல் ரொட்டி விண்டுபோகும். சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை விடுவிப்பது இந்தச் சுண்ணாம்புதான். ஐரோப்பா சோளத்தை மட்டும் எடுத்துப் போய் இந்த வழக்கத்தை விட்டுவிட்டது. சோளமே கதியாக இருந்த ஏழைகளுக்கு அந்தச் சத்துக் குறைவால் பெல்லாக்ரா நோய் வந்தது.

கேள்வி: சாமுலா தேவாலயத்துக்குள் படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. சியாப்பாஸில் சோட்சில் மக்களின் ஊர் அது. உள்ளே பெஞ்சு கிடையாது, தரையெல்லாம் பைன் இலை. குடும்பங்கள் தரையில் மெழுகுவர்த்தி நட்டு, போஷ் சாராயமும் சோடாவும் வைத்து நோயாளிக்காக வேண்டுவார்கள். சில சமயம் கோழி பலியிடுவார்கள், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுமதிச் சீட்டைச் சதுக்கத்திலேயே வாங்க வேண்டும். செல்போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு உள்ளே போங்கள். கையில் வைத்திருந்தாலே சந்தேகப்படுவார்கள்.

கேள்வி: ஃபிளாஷ் இல்லாமல்?

பதில்: கூடாது.

கேள்வி: அங்கே குழந்தைகள் ரொம்ப அழகு. அவர்களையாவது எடுக்கலாமா?

பதில்: தாயிடம் கேட்காமல் எடுக்காதீர்கள், தொடாதீர்கள், மிட்டாய் கொடுத்துக் கூப்பிடாதீர்கள். 2000 ஏப்ரலில் குவாத்தமாலாவின் தோதோஸ் சாந்தோஸ் குச்சுமத்தான் ஊரில், பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்ற வதந்தியால் ஒரு ஜப்பானியப் பயணியையும் பேருந்து ஓட்டுநரையும் கூட்டம் அடித்தே கொன்றது. 36 ஆண்டு உள்நாட்டுப் போர் பார்த்த ஊர்கள் அவை. 1996இல்தான் சமாதானம் வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், காணாமல்போனார்கள், பெரும்பாலோர் மாயா மக்கள். அந்நியர் பிள்ளையைத் தொட்டால் ஏன் பயம் வருகிறது என்பதை இதையெல்லாம் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: சிசேன் இட்சா பிரமிடில் ஏறலாமா?

பதில்: விடமாட்டார்கள். இடிபாடுகளுக்கு அங்கே வழிகாட்டிகள் நிறைய. இங்கே வாழும் ஊர்களைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (தமிழன்டா): மாயா என்றால் நம் புராணச் சிற்பி மயன்தானே? கணபதி ஸ்தபதி ஐயாவே அங்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாரே!

பதில்: குமரி வள்ளுவர் சிலையை வடித்தவர், கல் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முடிவை ஏற்க முடியவில்லை. அந்த மக்கள் தங்களை கிச்சே, மாம், சோட்சில் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மாயா என்ற பெயர் யூகத்தானிலிருந்து எல்லோர் மேலும் பரவியது. கட்டடத்தைப் பாருங்கள். நம் கோயில் கருங்கல், இரும்பு உளியால் செதுக்கியது. அவர்களுடையது சுண்ணாம்புக்கல், இரும்பே இல்லாமல் கல்லாயுதத்தால் செதுக்கியது, உள்ளே கல்லும் சாந்தும் கொட்டி நிரப்பி, மேலே சுதை பூசியது.

கேள்வி (தமிழன்டா): கலியுகம் தொடங்கியது கி.மு. 3102. மாயா கணக்கு கி.மு. 3114. பன்னிரண்டே வருஷம் வித்தியாசம்! இது தற்செயலா?

பதில்: தற்செயல்தான். இரண்டுமே பின்னால் வந்தவர்கள் பின்னோக்கிக் கணக்கிட்ட ஆண்டுகள். நம்முடையது கிரகங்கள் ஒன்றுகூடும் கணக்கு. அவர்களுடையது 1,44,000 நாள் கொண்ட சுற்று 13, அதாவது 18,72,000 நாள். அது 2012 டிசம்பர் 21இல் முடிந்தது. அந்த முறையில் எழுதிய கல்வெட்டு கி.மு. முதல் நூற்றாண்டுக்கு முன் கிடைக்கவில்லை. நம் 60 ஆண்டுச் சுற்று வியாழனின் 12 ஆண்டை ஐந்தால் பெருக்கியது. அவர்களுடைய 52 ஆண்டு, 260 நாள் சடங்கு நாள்காட்டியும் 365 நாள் ஆண்டும் சேர்ந்து ஒரே இடத்துக்குத் திரும்ப ஆகும் 18,980 நாள். அடிப்படையே வேறு.

கேள்வி (இன்னொருவர்): தமால் என்ற பெயரிலேயே தமிழ் இருக்கிறதே அக்கா?

பதில்: தம்பி, அது நாவாட்டில் மொழியின் 'தமல்லி'. நாவாட்டில் மாயா மொழியே இல்லை. உண்மையான உறவு வேண்டுமென்றால் நம் அடுப்படியைப் பாருங்கள். மிளகாய், மக்காச்சோளம், பப்பாளி, கொய்யா எல்லாம் அந்தக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை.

கேள்வி (தமிழன்டா): அப்படியென்றால் நம் முன்னோர் கடல் கடக்கவில்லை என்கிறீர்களா?

பதில்: தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனார்கள், அதற்குச் சான்று இருக்கிறது. பசிபிக் தாண்டி இல்லை. தங்கள் பாட்டன் பூட்டன் கட்டியதை வேறொருவர் கட்டியதாக அந்த மக்கள் ஐந்நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போய் ஒரு கிச்சே பெரியவரிடம் நீங்களும் அதைச் சொல்லாதீர்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: 260 நாள் புத்தாண்டுச் சடங்கு எப்போது?

பதில்: அந்த நாள்காட்டியில் 'எட்டு பாட்ஸ்' என்ற நாள். 2026 ஜூன் 22, அடுத்தது 2027 மார்ச் 9. மொமோஸ்தெனாங்கோவில் பெரிதாக நடக்கும். நெருப்புக்கும் வேண்டுகிறவருக்கும் நடுவே குறுக்கே போகாதீர்கள். படம், நாள்காட்டிப் பூசாரியைக் கேட்டுத்தான்.

கேள்வி: டிரோன்?

பதில்: வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (ஆசிரியை, மதுரை): நவம்பர் 1 அன்று பிள்ளைகளுக்கு எது நல்லது, குவாத்தமாலாவின் ராட்சதப் பட்டமா, இறந்தோருக்குப் படையல் வைக்கும் யூகத்தானின் ஹனல் பிஷானா?

பதில்: பட்டம். குவாத்தமாலாவில் சும்பாங்கோவும் சாந்தியாகோ சகதேபேகெஸும். மூங்கில் சட்டத்தில் மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி, வீட்டை விட உயரமாகக் கட்டுவார்கள். மிகப்பெரியவை நிறுத்தி வைக்க மட்டும், சிறியவைதான் பறக்கும். பட்டம் கட்டிய கயிறுகளுக்குக் கீழே நிற்காதீர்கள், காற்று மாறினால் சட்டத்தோடு சாயும். கல்லறைத் தோட்டத்தில் குடும்பங்கள் சமாதிமேல் பூவும் பைன் இலையும் பரப்பிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஓரமாக நடங்கள், சமாதி மேட்டை மிதிக்க வேண்டாம். காலை 9 மணிக்குள் போய்விட்டால் பிள்ளைகள் நிற்க இடம் கிடைக்கும்.