பழைய பத்திரங்களில் தாவா, ஜப்தி, வாய்தா என்பவற்றின் பொருள் என்ன?

இம்மூன்றும் அரபு மொழியில் பிறந்து, பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்து நிர்வாகத்தின் வழியே தமிழுக்கு வந்தவை. தாவா என்பது உரிமை கோரும் வழக்கு. ஜப்தி என்பது சொத்தைச் சட்டப்படி கைப்பற்றுவது; அதை இன்றைய சட்டத்தமிழ் 'பற்றுகை' என்கிறது.

கவனம் தேவைப்படுவது வாய்தாதான். 'வாக்குறுதி' என்ற மூலப்பொருளிலிருந்து, பணம் செலுத்த ஒப்புக்கொண்ட கெடுவையும், பின்னர் நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்கும் தேதியையும் அது குறிக்கலாயிற்று. ஆகவே, பழைய கடன் பத்திரத்தில் 'வாய்தா தவறினால்' என்றிருந்தால், அதைத் தவணை தவறியதாகவே கொள்ள வேண்டுமேயன்றி, விசாரணைக்கு வராததாகக் கருதக் கூடாது.

வில்லங்கம் என்ற சொல்லும் இவ்வாறே பலரை வீணாக அஞ்ச வைக்கிறது. பேச்சுவழக்கில் அது தகராறு. பத்திரப்பதிவில் அடமானம் போன்ற, சொத்தின்மீதுள்ள பொறுப்பு. வில்லங்கச் சான்றில் சாதாரண விற்பனைப் பதிவுகளும் இடம்பெறும் என்பதால், பதிவு இருப்பதாலேயே சொத்தில் சிக்கல் என்று முடிவுசெய்துவிட வேண்டாம்.